கிணறு, மருந்துப் போத்தில், ஈயக்குண்டு: யாழ்ப்பாணத்தில நஞ்சு உடம்புக்கு வாற வழிகள் (இணைய மன்றத்தில அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபெயர்)

கிணத்தடி

யாழ்ப்பாணத்தில தண்ணியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதல் வாறது "எங்கட கிணறு உவர்", அடுத்தது "கேத்திலில சுண்ணாம்பு படியுது". இரண்டும் நாக்குக்கும் கண்ணுக்கும் பிடிபடுறதால பெரிய விசயமாப் போச்சு. கேத்திலில படியிற கல்சியம் காபனேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை வைச்சு ஒரு எல்லையே போடேல்லை. எல்லை போட்டிருக்கிற நைத்திரேற்றுக்கோ (பசளையிலயும் மலசலத்திலயும் இருந்து தண்ணிக்கு வாற நைதரசன் சேர்வை) நிறமும் இல்லை, மணமும் இல்லை.

எங்கட நிலத்தைப் பற்றி ஒரு விசயம் தெரிஞ்சால் மிச்சம் எல்லாம் விளங்கும். அடியில சுண்ணாம்புக்கல், அதுக்குள்ள வெடிப்பும் பொந்தும். மேல கிடக்கிற செம்மண் பல இடத்தில ஒரு மீற்றர் கூட இல்லை. வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை. வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். குடிக்கிறது, தோட்டத்துக்கு இறைக்கிறது, மலசலகூடக் குழியில இருந்து ஊறுறது, கராச்சில கழுவி ஊத்துறது எல்லாம் ஒரே நிலத்தடி நீர்தான். ஊத்தினது மணலுக்குள்ளால வடிஞ்சு சுத்தமாகிறதுக்கு நேரம் இல்லை, வெடிப்பு வழியே நேர இறங்கும்.

"எல்லாம் நஞ்சாப் போச்சு" எண்ட புலம்பல் வேண்டாம். எந்தப் பொருள், எந்த வழி, எவ்வளவு, என்ன செய்தால் குறையும் எண்டு வேலையில கண்டதை எழுதுங்கோ.

சோதனைக்குழாய்

நைத்திரேற்று அறிக்கையோடு வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காண்பது அலகுக் குழப்பம். சில ஆய்வுகூடங்கள் "நைத்திரேற்று" என்று எழுதும், சில "நைத்திரேற்று-நைதரசன்" என்று எழுதும். முதலாவதற்கு எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இரண்டாவதற்கு 11.3. பின்னதை 4.43 ஆல் பெருக்கினால் முன்னது வரும். "ஐம்பது வரைக்கும் பிரச்சினை இல்லையாம், எங்களுக்குப் பதினைஞ்சுதானே" என்று நிம்மதியாகத் தாளை மடித்து வைப்பவரின் அறிக்கை இரண்டாவது அலகில் இருந்தால், அவர் கிணற்றில் உண்மையில் 66 இருக்கிறது.

கடையில் வாங்கும் நனைத்துப் பார்க்கும் தாளிலும் இதே சிக்கல். டப்பாவில் எந்த அலகு என்று முதலில் பாருங்கள். மூடியைச் சரியாக அடைக்காமல் குசினியில் வைத்த தாள் ஈரம் உறிஞ்சிப் பழுதாகியிருக்கும், அது காட்டும் நிறத்தை நம்பக் கூடாது.

இன்னொன்று, பரிசோதிக்கும் காலம். ஆவணியில் மட்டும் சோதித்து "சுத்தம்" என்று முடிவு கட்டுகிறார்கள். கோடை முழுக்க மண்ணில் சேர்ந்த நைத்திரேற்றை ஐப்பசி, கார்த்திகை மழைதான் கழுவி இறக்குகிறது. ஆகவே கோடையில் ஒன்று, மாரி தொடங்கிக் கிணற்று நீர் உயர்ந்த பிறகு ஒன்று. இரண்டில் கூடினதையே உங்கள் கிணற்றின் கணக்காக எடுங்கள்.

குழந்தை வார்ட்

ஏன் 50 எண்ட எல்லை? அது கைக்குழந்தைகளை வைச்சுப் போட்டது. ஆறு மாதத்துக்குள்ள பிள்ளையின்ர வயித்தில அமிலம் குறைவு. அதால நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கிற பக்ரீரியா அங்க வளரும். நைத்திரைற்று இரத்தத்தில போய் ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ ஏலாத வடிவத்துக்கு மாத்திப்போடும். அதைத் திருப்பி எடுக்கிற நொதியம் பிள்ளைக்கு இன்னும் போதுமான அளவில இல்லை. வயித்தோட்டம் வந்தால் நிலைமை இன்னும் மோசம்.

பார்க்க எப்பிடி இருக்கும்: உதடும் நகமும் நீலம் இல்லாட்டி சாம்பல் நிறம், ஆனால் பிள்ளை அந்த அளவுக்கு மூச்சு வாங்காது. ஒட்சிசன் குடுத்தும் நிறம் மாறாது. விரலில மாட்டுற கருவி 85க்குக் கிட்ட நிண்டுபோகும். இரத்தம் எடுத்தால் சொக்லேற் நிறம். மெதிலீன் புளூ எண்ட மருந்து இருக்கு, அது ஆசுப்பத்திரியில மட்டும். வீட்டில செய்ய ஒண்டும் இல்லை. 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் பெரிசா இல்லை. தாய் குடிக்கிற தண்ணியில இருக்கிற நைத்திரேற்று பாலில செறியாது. பிரச்சினை பால்மா கரைக்கிற தண்ணியில. அதிலயும் நல்லது எண்டு நினைச்சுச் செய்யிற பிழை ஒண்டு: "வடிவாக் கொதிக்க வைச்சு" குடுக்கிறது. கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று ஆவியாகாது. ஒரு லீற்றரைக் கொதிக்க விட்டு 800 மில்லிலீற்றராக்கினால் 50 இருந்தது 62.5 ஆகும். தண்ணி தளதளவெண்டு கொதிச்ச உடன இறக்கினால் போதும். 50க்கும் 100க்கும் இடையில எண்டால் கிருமி இல்லாத தண்ணியா இருக்கிறதும், பிள்ளையைக் கவனமாப் பார்க்கிறதும் கட்டாயம். 100க்கு மேல எண்டால் அந்தத் தண்ணியில பால்மா கரைக்கவே கூடாது.

வளர்ந்த ஆக்களுக்கு உடன ஒண்டும் நடக்காது. ஆனால் வயித்துக்குள்ள நைத்திரோசோ சேர்வைகள் உண்டாகிற நிலைமையில உட்கொள்ளுற நைத்திரேற்றை, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் "மனிதருக்குப் புற்றுநோய் ஏற்படுத்தக்கூடும்" எண்ட 2ஏ வகுப்பில போட்டிருக்கு.

செம்மண்

தோட்டப் பக்கத்துக் கணக்கு. யூரியாவில 46 வீதம் நைதரசன். ஒரு கிலோ யூரியாவின்ர நைதரசன் முழுக்க நைத்திரேற்றாகிக் கீழ போனால் ஏறக்குறைய 2 கிலோ நைத்திரேற்று. சுத்தமான 40,000 லீற்றர் தண்ணியை 50 எண்ட எல்லைக்குக் கொண்டுவர அது காணும். மூண்டு மீற்றர் விட்டமும் மூண்டு மீற்றர் தண்ணியும் உள்ள கிணத்தில கிடக்கிறது 21,000 லீற்றர்தான். அரைக் கிலோ யூரியாவின்ர விசயம். முழுக்கப் போகாது, பயிர் எடுக்கும், கொஞ்சம் காத்தில போகும். ஆனால் வெங்காயத்தின்ர வேர் ஒரு சாண் ஆழத்துக்குள்ளதான். அதைத் தாண்டினது திரும்ப வராது. நைத்திரேற்றை மண் பிடிச்சு வைக்காது, இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம்.

இதைத் திருப்பிப் போட்டும் பாருங்கோ. கிணத்தில நைத்திரேற்று 50 இருக்குதெண்டால், ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு இறைக்கேக்க அந்தத் தண்ணியோடயே ஒரு கிலோ யூரியா அளவு நைதரசன் வயலுக்குப் போகுது. ஒரு போகத்துக்கு அப்பிடி நாப்பது சென்ரிமீற்றர் இறைச்சால் நாப்பது கிலோ. ஆரும் இதைப் பசளைக் கணக்கில கழிக்கிறேல்லை. தண்ணிச் சோதனைத் தாளை விவசாயப் போதனாசிரியரிட்டக் காட்டி, சிபாரிசில இருந்து அதைக் கழிச்சுப் போடுங்கோ. காசும் மிச்சம்.

மற்றது, மழை வருமெண்டு பார்த்து யூரியா எறியிற பழக்கம். இலேசான தூறல் எண்டால் சரி, கொட்டுற மழை எண்டால் அடுத்த நாள் அது கிணத்துக்கை. ஒரே தரத்தில போடுறதை மூண்டாப் பிரிச்சுப் போடுங்கோ. பாத்தி நிரம்பி வரம்பால வழிய வழிய இறைக்கிறதும் கழுவிக் கீழ அனுப்பிற வேலைதான்.

கிணத்தடி

செம்மண் சொல்லுறது சரி, ஆனால் பழியைத் தோட்டக்காரரில மட்டும் போடேலாது. ஒரு ஆளின்ர மலசலத்தோட வருசத்துக்கு ஏறக்குறைய 4 கிலோ நைதரசன் போகுது. அஞ்சு பேர் உள்ள வீட்டில 20 கிலோ, அதாவது நாப்பது கிலோவுக்கு மேல யூரியா. அடி மூடாத குழி எண்டால் அவ்வளவும் சுண்ணாம்புக்கல்லுக்குள்ள. ரவுண் பக்கம் தோட்டமே இல்லாத ஒழுங்கையிலயும் நைத்திரேற்றுக் கூடி நிக்கிறதுக்கு இதுதான் காரணம். நைத்திரேற்றோட ஈ. கோலி எண்ட மலக் கிருமியும் சேர்ந்து வந்தால் முதல் குழியைச் சந்தேகப்படுங்கோ. கிணத்துக்கும் குழிக்கும் 50 அடி விட்டால் போதுமெண்டு நம்பிறது மண் தடிப்பான ஊருக்குச் சரி. வெடிச்ச கல்லுக்கு அது உத்தரவாதம் இல்லை. அடியும் பக்கமும் கொங்கிறீற் போட்டு அடைச்ச தாங்கியும், நேரத்துக்கு பவுசரில எடுப்பிக்கிறதும்தான் வழி.

நீர்வேலிக் காத்து

கேள்வி: எந்த வடி நைத்திரேற்றை எடுக்கும்? கடையில கேட்டால் எல்லாமே எடுக்குமாம்.

சோதனைக்குழாய்

மெழுகுதிரி வடிவ வடி எடுக்காது. கரி வடி எடுக்காது. புற ஊதாக் கதிர் விளக்கு எடுக்காது. எடுப்பவை இரண்டு: ஆர்.ஓ எனப்படும் சவ்வு முறை, நைத்திரேற்றுக்கென்று உள்ள அயன் மாற்றுப் பிசின். எங்கள் கடினத் தண்ணீருக்குச் சவ்வில் சுண்ணாம்பு படிந்து சீக்கிரம் அடைபடும். முன்னால் மென்மையாக்கி போட்டால் ஆயுள் கூடும். சவ்வு பழுதானால் தண்ணீரின் தோற்றம் மாறாது, ஆகையால் வருடத்துக்கு ஒரு முறையாவது வடித்த நீரை நைத்திரேற்றுக்குச் சோதியுங்கள். வீட்டுக் கருவியில் வெளியேறும் கழிவு நீர் வடித்த நீரைவிடக் கூட இருக்கும், அதில் நைத்திரேற்றும் செறிந்திருக்கும். கிணற்றடியில் விடாமல் வாழைக்கு விடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வடித்தால் போதும், குளிப்பதற்குத் தேவையில்லை.

ஏழாலை மேற்கு

எண்ணெய் பற்றி. சுன்னாகத்து விசயம் எல்லாருக்கும் தெரியும்: மின் நிலையத்தைச் சுற்றின ஊர்களில கிணத்தில எண்ணெய், உயர் நீதிமன்றத்தில 2015இல அடிப்படை உரிமை வழக்கு, 2019 ஏப்ரலில தீர்ப்பு, மாசுபடுத்தினவரே செலவைக் கட்ட வேணும் எண்ட கொள்கையில 2 கோடி ரூபா. அதைத் திரும்பக் கதைக்கிறதை விட, இப்பவும் கராச், சேவிஸ் ஸ்ரேசன், ஜெனரேற்றர் இருக்கிற இடங்களுக்குக் கிட்ட என்ன பார்க்க வேணுமெண்டு எழுதுறன்.

தண்ணியில பளபளப்பான படை தெரிஞ்சால் உடன எண்ணெய் எண்டு பயப்படாதேங்கோ. ஒரு தடியால குத்துங்கோ. கண்ணாடி மாதிரித் துண்டு துண்டா உடைஞ்சு அப்பிடியே நிண்டால் அது இரும்புப் பக்ரீரியாவின்ர படை. குத்தின இடம் சுழண்டு திரும்ப ஒட்டிக்கொண்டால் எண்ணெய்.

எண்ணெய் எண்டு தெரிஞ்ச உடன கனபேர் செய்யிறது, மோட்டரைப் போட்டுக் கிணத்தை இறைக்கிறது. இரண்டு பிழை. நீர்மட்டம் இறங்க இறங்க, மிதக்கிற எண்ணெய் கிணத்துச் சுவர் முழுக்கப் பூசுப்படும், பிறகு மாசக்கணக்கா அதில இருந்து கசியும். அடுத்தது, நிலத்துக்குள்ள எங்கயோ நிண்ட எண்ணெயை வெடிப்பு வழியே உங்கட கிணத்துப் பக்கம் நீங்களே இழுக்கிறியள். முதல் மிதக்கிறதை உறிஞ்சு துணியாலயோ தட்டையான ஏனத்தாலயோ எடுத்து, தனிப் பரலில அடைச்சு வையுங்கோ. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நீர்வழங்கல் சபைக்கும் அறிவியுங்கோ. அவை சொல்லாமல் இறைக்காதேங்கோ.

மணத்தை நம்பிறது பற்றியும். தொலுயீன் எண்டால் உடம்புக்குக் கூடாத அளவுக்கு வர முன்னமே மூக்குக்குத் தெரியும். பென்சீன் அப்பிடியில்லை. அதின்ர எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், மணம் தெரியிறது 10 மில்லிகிராம் அளவில. ஆயிரம் மடங்கு. பெற்றோல் கசிஞ்ச இடத்தில "மணம் போட்டுது, இனிக் குடிக்கலாம்" எண்டு சொல்ல ஏலாததுக்கு அதுதான் காரணம். பென்சீன் எலும்பு மச்சையைத் தாக்கும், இரத்தப் புற்றுநோய்க்குக் காரணம் எண்டு உறுதியானது. அந்தத் தண்ணியைக் கொதிக்க வைச்சால் ஆவி குசினிக்குள்ள, மூக்கால போகும். சிரட்டைக்கரியைத் துணியில கட்டிப் போடுறதும் காணாது. ஏவப்பட்ட கரிக்கு இருக்கிற நுண்துளை அதுக்கு இல்லை.

மருந்துக் கலவை

பூச்சிமருந்தில ஆக்கள் பயப்படுறது காத்தில வாற மருந்துத் தூறலுக்கு. கூட நஞ்சு ஏறுறது கலக்கிற நேரம். தண்ணி சேராத மருந்து கையில ஒரு தேக்கரண்டி ஊத்துப்பட்டால், அது அடிக்கேக்க படுறதை விட எத்தினையோ மடங்கு. கையுறை நைத்திரைல் றப்பரில இருக்க வேணும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோட ஒட்டி வைச்சிருக்கும், வெறுங்கையை விட மோசம்.

"இரண்டு மருந்தைச் சேர்த்து அடிச்சால் நல்லாக் கேக்கும்" எண்டு இரண்டு பேரில விக்கிறதை வாங்கிக் கலக்கினம். லேபிளில சின்ன எழுத்தில இருக்கிற மூலப்பொருளின்ர பெயரை வாசிச்சால் இரண்டும் ஒண்டாகவே இருக்கும். அது இரட்டை அளவு, அவ்வளவுதான். எங்கட தண்ணி காரத்தன்மை. சில ஓகனோபொசுபேற்று மருந்துகள் அதில கலக்கி வைச்சால் சிதையும். காலமை கலக்கிப் பின்னேரம் அடிச்சுப்போட்டு "மருந்து கேக்கேல்லை" எண்டு அடுத்த முறை அளவைக் கூட்டினம். தேவையான அளவை மட்டும் கலக்கி உடன அடிக்க வேணும்.

தாங்கியின்ர மூடி றப்பர் தேஞ்சு முதுகில வடியிறது அடுத்தது. 16 லீற்றர் தாங்கியை வெறுந் தண்ணியால நிரப்பி, குனிஞ்சு பார்த்துச் சோதிச்சிட்டுத்தான் மருந்து ஊத்த வேணும். துவாரம் அடைச்சால் வாயால ஊதுறதை இப்பவும் காணலாம். பழைய பல்லுத்தேய்க்கிற தூரிகை ஒண்டைத் தாங்கியோட கட்டி வையுங்கோ.

போத்தில் வெறுமையானால் கால்வாசி தண்ணி விட்டு 30 செக்கன் குலுக்கி, அந்தத் தண்ணியைத் தாங்கிக்குள்ளயே ஊத்துங்கோ. மூண்டு தரம். பிறகு அடியில ஓட்டை போடுங்கோ, இல்லாட்டி அது மண்ணெண்ணெய்ப் போத்திலாக் குசினிக்குப் போகும். தாங்கி கழுவிற தண்ணியை அடிச்ச பயிருக்கே விசிறுங்கோ. கிணத்துக்கட்டில வைச்சுக் கழுவினால் கட்டு வெடிப்பால நேர உள்ளுக்கை. பத்தாயத்துக்குள்ள பழைய போத்தில் கிடந்தால் பெயரைப் பாருங்கோ: எண்டோசல்பான் 1998இலயே தடை, பரகுவாற், டைமெதோயேற், பென்தியோன் 2008க்கும் 2011க்கும் இடையில படிப்படியா நிப்பாட்டினது. மண்ணில ஊத்தாமல் விவசாயப் போதனாசிரியரிட்டச் சொல்லுங்கோ.

அவசரப் பிரிவு

மேல உள்ளதுக்குத் தொடர்ச்சி. மருந்தடிச்சுப்போட்டு வந்தவருக்குத் தலையிடி, ஓங்காளம் எண்டால் "வெயில் பட்டது" எண்டு தேசிக்காய்த் தண்ணி குடுத்துப் படுக்க விடுகினம். கண்மணியைப் பாருங்கோ. ஊசித் துவாரம் மாதிரிச் சுருங்கி, வாயால எச்சில் வழிஞ்சு, வேர்த்து, தசை துடிச்சால் அது ஓகனோபொசுபேற்று இல்லாட்டி காபமேற்று வகைப் பூச்சிமருந்தின்ர நஞ்சு. தோலால போனது எண்டால் குறி தெரிய 12 மணித்தியாலம் வரைக்கும் எடுக்கலாம், அதால "அப்ப ஒண்டும் செய்யேல்லையே" எண்டு விடாதேங்கோ.

சாரம், சேட் எல்லாம் கழட்டி, தலைமயிர், நகத்தடி உட்படச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. கழுவிறவர் கையுறை போட வேணும். விழுங்கினவருக்குச் சத்தி எடுக்க வைக்காதேங்கோ; உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி ஒண்டும் வேண்டாம். ஆசுப்பத்திரிக்குப் போத்திலை அல்லது லேபிளைக் கொண்டு வாங்கோ. "பச்சை மூடிப் போத்தில்" எண்டு சொன்னால் எங்களுக்கு உதவாது.

செம்மண்

புகையிலையையும் சேர்க்க வேணும். பனி காயாத இலைக்குள்ள நிண்டு நுனி கிள்ளிறது, பக்க அரும்பு முறிக்கிறது, வெட்டிக் காவுறது எல்லாத்திலயும் நிக்கொற்றின் தண்ணியில கரைஞ்சு தோலால போகுது. சில மணித்தியாலத்தில தலைச்சுத்து, சத்தி, வெளிறல். ஒண்டு இரண்டு நாளில மாறும். சுருட்டுப் பழகின ஆளுக்குக் குறைவாத் தெரியும், உதவிக்கு வாற பெடியளுக்கும் பெண்களுக்கும் கடுமையா வரும். அதே கிழமை மருந்தும் அடிச்சிருந்தால் எது எண்டு பிரிக்கிறது கஷ்டம், ஆசுப்பத்திரியில இரண்டையும் சொல்லுங்கோ. வெயில் ஏறி இலை காஞ்ச பிறகு இறங்குங்கோ, நனைஞ்ச சேட்டை உடன மாத்துங்கோ. இலைக்கட்டை வெறும் தோளில காவாமல் பொலித்தீன் போட்டுக் காவுங்கோ.

கரையோரம்

ஆரும் எழுதாத ஒண்டு, ஈயம். வலைக்குக் குண்டு வார்க்கிறது கரையோர வீடுகளில சாதாரணம். ஈயம் 327 பாகையில உருகும், விறகு அடுப்பு தாராளம். நல்ல ஈயக் கட்டியை மட்டுமட்டான நெருப்பில உருக்கினால் ஆவி குறைவு. உண்மையான கேடு பழைய வாகனப் பற்றறியை உடைச்சு எடுக்கிற தட்டில. அதில ஒட்டியிருக்கிறது ஈய ஒட்சைட்டும் சல்பேற்றும், தூளாக் கொட்டும். முற்றத்தில விழுந்த தூள் எங்கயும் போகாது, வருசக் கணக்காக் கிடக்கும். தவழுற பிள்ளை கையை வாயில வைக்கும். பெரிய ஆள் விழுங்கின ஈயத்தில பத்து வீதமளவு உடம்பில ஏறும், சின்னப் பிள்ளைக்குப் பாதி வரைக்கும் ஏறும். இரும்புச்சத்துக் குறைஞ்ச பிள்ளைக்கு இன்னும் கூட.

குறி ஒண்டும் பெரிசாத் தெரியாது: வயித்துக்குத்து, மலச்சிக்கல், வெளிறல், பள்ளிக்கூடத்தில கவனமின்மை. வயித்துப் புழுவுக்கு மருந்து குடுத்துப் பார்த்துக்கொண்டு காலம் போகும். இரத்தத்தில ஈயம் பார்க்கிற சோதனை ஒண்டுதான் வழி. பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டும் இல்லை. ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்றோகிராம் வந்தாலே ஈயம் எங்கால வருகுதெண்டு தேடி நிப்பாட்டச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம்.

பற்றறியை உடைக்காமல் முழுசாப் பழைய இரும்பு வாங்கிறவரிட்டக் குடுங்கோ. குண்டை வார்த்ததாகவே வாங்குங்கோ. வார்க்கத்தான் வேணுமெண்டால் வீட்டை விட்டுத் தள்ளி, காத்து முதுகுக்குப் பின்னால, அதுக்கெண்டு தனிச் சட்டி. அச்சு ஈரமா இருக்கக் கூடாது, ஒரு துளி தண்ணி ஆவியாகி உருகின ஈயத்தை மூஞ்சிக்கு எறியும். முற்றத்தை விளக்குமாறால கூட்டாமல் ஈரத் துணியால துடையுங்கோ. சின்னக் குண்டைப் பல்லால கடிச்சு நூலில இறுக்கிற பழக்கத்தையும் விடுங்கோ.

ஓட்டுக்கூரை

அஸ்பெஸ்டஸ் சீற் பற்றி இரண்டு வரி. கூரையில அசையாமல் கிடக்கிற சீற்றால பெரிய ஆபத்து இல்லை. கிறைண்டரால வெட்டேக்க, உடைஞ்சதை இடிச்சுக் குழி நிரப்பேக்க, பாசி போகக் கம்பித் தூரிகையால தேய்க்கேக்கதான் நார் பறக்கும். நுரையீரல் உறையில வாற புற்றுநோய் முப்பது, நாப்பது வருசம் கழிச்சுத் தெரியும். கழட்டிறதெண்டால் தண்ணி தெளிச்சு நனைச்சு, ஆணியைக் கழட்டி முழுசா இறக்குங்கோ, எறியாதேங்கோ.

நீர்வேலிக் காத்து

நல்லது. நைத்திரேற்றுக்கும் எண்ணெய்க்கும் ஒரே போத்திலில தண்ணி குடுக்கலாமோ?

சோதனைக்குழாய்

இல்லை. நைத்திரேற்றுக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தில் போதும். அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

எண்ணெய்க்கு அகல வாய்க் கண்ணாடிப் போத்தில், ஒரு லீற்றர், ஆய்வுகூடம் தருவது. அதைத் தண்ணீரால் அலசக் கூடாது. அலசினால் அந்தத் தண்ணீரின் எண்ணெய் போத்தில் சுவரில் ஒட்டி நின்று, அளவைக் கூட்டிக் காட்டும். மோட்டர்க் குழாயில் பிடிக்காமல் கிணற்றின் மேற்பரப்பில் நேரே எடுங்கள். உள்ளே அமிலம் விட்டுத் தந்திருந்தால் கொட்டாதீர்கள், கையில் படவும் விடாதீர்கள். பென்சீன் வகைக்கு வேறு சிறு குப்பி, காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் வாய் வரை நிரப்பி மூட வேண்டும்.

முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு எந்தெந்தச் சோதனை என்று சொல்லிப் போத்தில்களை வாங்கிக்கொள்ளுங்கள். நைத்திரேற்று மாதிரி 48 மணித்தியாலத்துக்குள் கைக்கு வர வேண்டும். வெள்ளி பின்னேரம் எடுத்துச் சனி, ஞாயிறு வீட்டில் வைப்பதை விடத் திங்கள் காலமை எடுத்துக்கொண்டு நேரே வாருங்கள்.